பாக் விரிகுடாவில் கடற்புல் வெளியை அளப்பது எப்படி

இரண்டாம் முறை போய் அளக்கும்போதுதான் முதல் முறை எடுத்த கணக்குக்கு உயிர் வருகிறது. ஒரு கடற்புல் வெளியில் 40 சதவீதம் புல் இருந்தது என்று எழுதி வைத்தால் அது ஒரு எண், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு அதே இடத்தில், அதே பருவத்தில், அதே முறையில் அளந்து 25 வந்தால் அங்கே ஏதோ நடக்கிறது என்று பேச முடியும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும், வேறொருவர் உங்கள் நோட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போய் அதே வேலையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும் என்பதற்காகத்தான்.

இடம்: மண்டபத்திலிருந்து தேவிபட்டினம், தொண்டி, மணமேல்குடி, மல்லிப்பட்டினம் என்று வடக்கே நீளும் பாக் விரிகுடாக் கரை. ஆழம் குறைந்த, அலை அடங்கிய கடல். கடல்பசு மேய்வது இந்தப் புல்லைத்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இறால், நண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாவற்றுக்கும் இந்தப் புல்வெளிதான் ஒதுங்கிடம். மாணவர்கள், மீனவக் கிராம இளைஞர்கள், தன்னார்வலர்கள் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது. பெரிய கருவிகள் தேவையில்லை.

அடிப்படை முறை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1998-ல் தொடங்கிய சீகிராஸ்-வாட்ச் திட்டத்தினுடையது. 50 மீட்டர் நீளத்தில் மூன்று டிரான்செக்ட் கோடுகள் (நாடா போட்டு அளந்துகொண்டே போகும் நேர்கோடுகள்), கோட்டுக்குக் கோடு 25 மீட்டர் இடைவெளி, ஒவ்வொரு கோட்டிலும் 5 மீட்டருக்கு ஒரு சதுரச் சட்டகம். ஆனால் அங்கே வேலை நடப்பது கடல் பல மீட்டர் வற்றி, புல் தரையில் படுத்துக் கிடக்கும் நேரத்தில். இங்கே ஓத வித்தியாசம் (கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள உயர வேறுபாடு) பௌர்ணமி, அமாவாசையிலும் ஒரு மீட்டரை எட்டாது. கடல் வற்றட்டும் என்று காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீரில் முகமூடியும் மூச்சுக்குழலும் போட்டுக்கொண்டு செய்கிற மாதிரி முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும் புல்லை அளந்த எண்ணையும், வெளியே படுத்துக் கிடந்த புல்லை அளந்த எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. படுத்த இலை அதிக இடத்தை மூடும்.

எப்போது போவது

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் ஜனவரி வரை, வாடைக்காற்று நேராக இந்தக் கரைமேல் அடிக்கிறது. தண்ணீர் கலங்கி, கையை நீட்டினால் விரல் தெரியாது. பழுத்த இலைகள் பிய்ந்து கரையில் குவியும். பிப்ரவரி கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வேலைக்கு ஏற்ற காலம். பாம்பன் பாலத்துக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில் இது தலைகீழ்: தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தப் பக்கம் கொந்தளிக்கும்போது வடக்குப் பக்கம் அடங்கிக் கிடக்கும். இரண்டு பக்கமும் வேலை செய்கிறவர்கள் மாதங்களைத் தனித்தனியாகத் திட்டமிட வேண்டும்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஆண்டுதோறும் அதே மாதம், முன்னே பின்னே இரண்டு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஒரு ஆண்டு தடைக்குள்ளும் அடுத்த ஆண்டு தடை முடிந்த பிறகும் அளந்தால், இழுவைமடியின் (விசைப்படகு தரையோடு இழுத்துப் போகும் வலை) பாதிப்பும் பருவ மாற்றமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு பிரிக்க முடியாது.

நாளில் சரியான நேரம் விடிந்ததிலிருந்து பத்து, பத்தரை மணி வரை. அதற்குப் பிறகு காற்று ஏறும், படம் எடுத்தால் நீர்ப்பரப்பு கண்ணைக் கூசும். முந்தின நாள் ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை அறிவிப்பைப் பாருங்கள். அதைவிட முக்கியம், அந்தக் கரையில் படகு ஓட்டுகிறவரிடம் கேட்பது. அவர் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்.

அனுமதி

இதைத் தள்ளிப்போட்டால் மொத்த வேலையும் கெடும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளின் பக்கம் போக வனத்துறை அனுமதி கட்டாயம். கடல்பசுப் பாதுகாப்பகப் பரப்பிலும் வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி பெற்ற பிறகே இறங்குங்கள். பார்ப்பது, படம் எடுப்பது ஒரு வகை; புல்லைப் பிடுங்கி மாதிரி எடுப்பது வேறு வகை, அதற்கு விண்ணப்பம் தனி. கடல் குதிரையும் கடல் அட்டையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. சட்டகத்துக்குள் இருந்தால் எண்ணிக்கையை எழுதிக்கொள்ளுங்கள், கையில் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள்.

கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் படகின் பதிவு எண், ஆட்களின் பெயர், போகும் இடம், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். ஊர்த் தலைவரிடமும் மீனவர் சங்கத்திடமும் என்ன செய்யப் போகிறீர்கள், எதற்காக என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நண்டு வலை எங்கே கிடக்கிறது, எந்த நாளில் எந்தப் பக்கம் வலை விடுவார்கள் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

சட்டகம் செய்வது

அரை அங்குல பிவிசி குழாய், நான்கு எல்போ (மூலை இணைப்பு). உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு 50 செ.மீ. இருக்க வேண்டும். எல்போ எவ்வளவு குழாயை விழுங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் ஒட்டுவதற்கு முன்னால் மாட்டிப் பார்த்து, அளந்து, தேவைப்பட்டால் நறுக்கி, பிறகு பசை போடுங்கள். உள்பக்கம் 53 செ.மீ. ஆகிவிட்டால் பரப்பு 12 சதவீதம் கூடிவிடும். சதவீதக் கணிப்பில் இது பெரிதாகத் தெரியாது, ஆனால் குருத்துகளை எண்ணும்போது ஒவ்வொரு எண்ணும் ஊதிப்போய் வரும்.

குழாயின் ஒவ்வொரு பக்கத்திலும் 6 மி.மீ. துளை இரண்டு போடுங்கள். உள்ளே தண்ணீர் ஏறினால்தான் சட்டகம் மூழ்கும். காற்று அடைபட்டால் மிதந்துகொண்டே இருக்கும். அப்படியும் அசைந்தால் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை நான்கு மூலையிலும் கட்டுங்கள்.

10 செ.மீ.க்கு ஒரு கயிறு என்று குறுக்கே நான்கும் நெடுக்கே நான்கும் இழுத்துக் கட்டினால் 25 சிறு கட்டங்கள் கிடைக்கும். ஒரு கட்டம் என்பது 4 சதவீதம். தங்கூஸ் நரம்பு வேண்டாம், தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. 1 அல்லது 2 மி.மீ. தடிமனில் சிவப்பு அல்லது மஞ்சள் நைலான் கயிறு போதும்.

உயரமான புல் அடர்ந்த இடத்தில் கயிறு கட்டிய சட்டகத்தை மேலிருந்து வைத்தால் இலைகள் அமுங்கிப் படுத்துவிடும். அந்த மாதிரி இடத்துக்கென்று நான்காவது பக்கம் இல்லாத, கயிறும் இல்லாத ஒரு சட்டகம் தனியாகச் செய்துகொள்ளுங்கள். அதைப் பக்கவாட்டில் தரையை ஒட்டிச் செருகலாம்.

மற்றவை: 50 மீட்டர் ஃபைபர்கிளாஸ் நாடா மூன்று (இரும்பு நாடா ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும்), நாடாவின் முனைகளையும் நடுவையும் நிறுத்த 60 செ.மீ. இரும்புக் கம்பி ஒன்பது, எழுத வெள்ளை பிவிசி தகடும் பென்சிலும், திசைகாட்டி, 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல், தண்ணீர் புகாத கேமரா, மிதவை, தெர்மாமீட்டர், உப்புத்தன்மை பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். தகட்டை உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் பென்சில் பிடிக்கும். பென்சிலை நூலால் தகட்டோடு கட்டிவிடுங்கள்.

இடத்தைக் குறிப்பது

புல்வெளி மொத்தத்தையும் முதலில் ஒருமுறை நீந்தியோ நடந்தோ பாருங்கள். 50 மீட்டருக்கு 50 மீட்டர், ஓரளவுக்கு ஒரே மாதிரியான பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புல் அதிகம் இருக்கும் அழகான திட்டையே பொறுக்கினால், அடுத்த முறை அது குறையத்தான் வழி இருக்கும். புல்வெளியின் பொதுவான தோற்றம் எதுவோ அதை எடுங்கள்.

ஜிபிஎஸ் கருவியோ போனோ தண்ணீருக்கு அடியில் வேலை செய்யாது. உறையில் போட்டு மிதவையின் மேல் வையுங்கள். பிழை 5 மீட்டருக்குக் கீழே இறங்கும் வரை காத்திருந்து, மூன்று கோடுகளின் இரண்டு முனைகளையும், ஆக ஆறு புள்ளிகளையும், பதிவு செய்யுங்கள். தசம டிகிரியில் ஐந்து தசம இடம் எழுத வேண்டும். ஐந்தாம் இடம் என்பது ஏறத்தாழ 1 மீட்டர். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, டிகிரி-நிமிடத்தையும் தசமத்தையும் குழப்புவது. 9 டிகிரி 17 நிமிடம் என்பது தசமத்தில் 9.28333. அதை 9.17 என்று எழுதினால் இடம் பன்னிரண்டரை கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போய்விடும். நோட்டின் முதல் பக்கத்திலேயே எந்த வடிவம், ஜிபிஎஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற இடக்குறி முறைதானா என்று எழுதிவையுங்கள்.

ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம். மீனவர்கள் காலங்காலமாகச் செய்வதுபோல் கரை அடையாளங்களைக் கோர்த்துப் பாருங்கள். கன்னியாகுமரிப் பக்கம் இதைக் கணியம் என்பார்கள். கோயில் கோபுரமும் அதன் பின்னே செல்போன் கோபுரமும் ஒரே நேரில் வரும் கோடு ஒன்று. அதற்கு ஏறக்குறையச் செங்குத்தாக, தண்ணீர்த் தொட்டியும் ஒரு பனையும் நேரில் வரும் கோடு இன்னொன்று. இரண்டும் வெட்டும் இடம் உங்கள் இடம். இரண்டு நேரையும் படம் எடுத்து வையுங்கள். பனை விழுந்தாலும் விழும் என்பதால் மூன்றாவதாக ஒன்றும் இருக்கட்டும்.

நிரந்தர அடையாளமாகக் கம்பி நட்டுவிட்டு வருவது இந்தக் கரையில் தவறு. வலை சிக்கிக் கிழியும், கால் குத்தும், ஊரின் நம்பிக்கையும் போகும். கொண்டுபோன ஒன்பது கம்பியும் எண்ணித் திரும்பி வர வேண்டும்.

கோடு போடுவது

படகை அளக்கும் இடத்துக்கு 30 மீட்டராவது தள்ளி, புல் இல்லாத மணல் திட்டில் நங்கூரம் போடச் சொல்லுங்கள். நங்கூரம் இழுபட்டால் வேரோடு புல்லைப் பிய்க்கும்.

கரைக்குச் செங்குத்தாக, ஆழத்தை நோக்கி, திசைகாட்டியில் பாகை பார்த்து முதல் கோட்டைப் போடுங்கள். பாகையை எழுதுங்கள். நாடா தரையில் படிந்து, முறுக்கில்லாமல், இறுக்கமாக இருக்க வேண்டும். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால் வில்லாக வளையும், அப்போது 25 மீட்டரில் இருக்கும் சட்டகம் வேறு இடத்தில் விழும். நடுவே ஒரு கம்பி குத்தினால் நிற்கும். 25 மீட்டர் நகர்ந்து இரண்டாவது, அப்படியே மூன்றாவது.

எல்லாரும் நாடாவின் இடப்பக்கம் மட்டுமே போக வேண்டும், சட்டகம் வலப்பக்கம். இந்த ஒழுங்கு குலைந்தால் மிதித்த புல்லை அளந்துகொண்டிருப்பீர்கள். ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் துடுப்புக்காலணி வேண்டாம், ஒரே உதையில் சேறு கிளம்பி ஐந்து நிமிடம் எதுவும் தெரியாது. ரப்பர் ஷூ போதும். நீரோட்டத்தை எதிர்த்து நகர்ந்தால் கிளம்பும் கலங்கல் பின்னால் போய்விடும்.

0, 5, 10 என்று 50 வரை ஒரு கோட்டுக்கு 11 சட்டகம், மூன்று கோட்டுக்கு 33. சட்டகத்தின் ஒரு குறிப்பிட்ட மூலை (கரைப் பக்க இடது மூலை என்று வைத்துக்கொள்ளுங்கள்) நாடாவின் அந்த மீட்டர் குறியில் தொட வேண்டும். புல் இல்லாத இடத்தில் சட்டகம் விழுந்தால் பக்கத்தில் நகர்த்தி வைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். நகர்த்தாதீர்கள். பூஜ்யமும் ஒரு அளவு.

சட்டகத்துக்குள் பார்ப்பது

வரிசை முக்கியம், ஏனென்றால் கை பட்டால் கலங்கும். முதலில் படம். பிறகு புல்லின் சதவீதம், இனங்களின் பங்கு, உயரம், பாசி, இலைமேல் ஒட்டியிருப்பவை, விலங்குகள். தரையைத் தொட்டுப் பார்ப்பது கடைசியில்.

படம் நேர் மேலிருந்து, சட்டகத்தின் நான்கு மூலையும் தெரிய, இடக்குறியீடு-கோடு-மீட்டர் எழுதிய சிறு அட்டையோடு இருக்க வேண்டும். உங்கள் நிழல் சட்டகத்தில் விழக் கூடாது. ஃபிளாஷ் போட்டால் மிதக்கும் துகள்தான் படத்தில் தெரியும்.

சதவீதம் என்பது நேர் மேலிருந்து பார்க்கும்போது புல் மூடியிருக்கும் தரைப்பரப்பு. வெளியே வேர்விட்டு உள்ளே சாய்ந்த இலையை வெளியே ஒதுக்குங்கள். உள்ளே வேர்விட்டு வெளியே சாய்ந்ததை உள்ளே கொண்டு வாருங்கள். கயிற்றுக்கு அடியில் சிக்கிய இலைகளை விடுவியுங்கள். பிறகு ஒவ்வொரு சிறு கட்டமாகப் போங்கள்: நிறைந்த கட்டம் 4, பாதி நிறைந்தது 2, கால்வாசி 1. கூட்டினால் சதவீதம். பழகிய கண்ணுக்கு மொத்தமாகப் பார்த்தே சொல்ல வரும், ஆனால் ஒவ்வொரு நாளும் முதல் சில சட்டகங்களைக் கட்டம் கட்டமாகவே எண்ணுங்கள்.

கண் ஏமாறும் இடங்கள் சில உண்டு. மங்கிய வெளிச்சத்தில் புல் அதிகமாகத் தோன்றும். இலைமேல் அழுக்கும் பாசியும் படிந்திருந்தால் இன்னும் அடர்த்தியாகத் தோன்றும். வெண்மணலில் இருக்கும் மெல்லிய புல் குறைவாகத் தோன்றும். 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் பூஜ்யத்துக்குச் சுருட்டாமல் 1, 2 என்றே எழுதுங்கள். அழியத் தொடங்கும் வெளியும் முளைக்கத் தொடங்கும் வெளியும் இந்தச் சிறு எண்களில்தான் முதலில் தெரியும்.

இரண்டு பேர் அளக்கிறீர்கள் என்றால் முதல் ஐந்து சட்டகத்தை இருவரும் தனித்தனியே, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதே சட்டகத்துக்குத் திரும்பிப் போய் ஏன் என்று பேசித் தீர்த்துவிட்டு மேலே போங்கள். இதற்கு அரைமணி நேரம் போகும். கொடுக்க வேண்டிய அரைமணி நேரம் அது.

இனங்களின் பங்கு என்பது, இருக்கும் புல்லை 100 என்று வைத்து எழுதுவது. சட்டகத்தில் புல் 40 சதவீதம், அதில் ஒரு இனம் 70 பங்கு என்றால், அந்த இனம் மூடிய பரப்பு 28 சதவீதம். இந்தப் பெருக்கலைக் கடலில் செய்ய வேண்டாம், கரையில் செய்துகொள்ளலாம். கடலில் பார்க்க வேண்டியது பங்குகளின் கூட்டுத்தொகை 100 வருகிறதா என்பது மட்டும்.

உயரத்துக்கு, அதிகம் இருக்கும் பட்டை இலைப் புல்லில் மூன்று இடத்தில் ஸ்கேலைத் தரையிலிருந்து நிறுத்தி இலையை நீட்டிப் பாருங்கள். மிக நீண்ட ஐந்தில் ஒரு பங்கு இலைகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். பாசியின் சதவீதம் தனி. இலையில் ஒட்டியிருப்பதற்கு இரண்டு எண்ணைப் பெருக்குங்கள்: பாதி இலைகளில் ஒட்டியிருக்கிறது, அந்த இலைகள் ஒவ்வொன்றிலும் 40 சதவீதம் மூடியிருக்கிறது என்றால், மொத்தம் 20.

தரை: மேல் ஒரு சென்டிமீட்டரை விரலால் நெருடிப் பாருங்கள். வழவழப்பாக ஒட்டினால் சேறு, நறநறத்தால் மணல், குத்தினால் சிப்பித்தூள். அதிகம் இருப்பதை முதலில் எழுதுங்கள்: "மணல்/சேறு" வேறு, "சேறு/மணல்" வேறு.

கடல்பசு மேய்ந்த தடம் தெரிந்தால் நீளம், அகலம் இரண்டையும் அளந்து எழுதுங்கள். ஏறக்குறைய 10 முதல் 25 செ.மீ. அகலத்தில், சில மீட்டர் நீளத்துக்கு, புல் வேரோடு எடுக்கப்பட்டு வளைந்து வளைந்து போகும் வாய்க்கால் அது. நங்கூரம் இழுத்த தடம் குறுகலாகவும் நேராகவும் இருக்கும், ஒரு முனையில் பள்ளம் இருக்கும். இழுவைமடித் தடம் அகலமாக, நேராக, வெகுதூரம் போகும். சந்தேகம் இருந்தால் படம் எடுத்து "தடம், காரணம் தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

எந்தப் புல் எது

இலை நுனி, இலை அகலம், நரம்பு, தண்டு (மண்ணுக்குள் கிடையாக ஓடுவது). இந்த நான்கையும் பார்த்தால் இங்கே வழக்கமாகக் கிடைப்பவற்றைப் பிரித்துவிடலாம்.

உருளையாக, சேமியா போல இருந்தால் சிரிங்கோடியம் ஐசோய்டிஃபோலியம். வேறு எதோடும் குழம்பாது. எளிதில் ஒடியும், ஒடிந்தது மிதக்கும். அதனால் கரையில் அதிகம் ஒதுங்குவதைப் பார்த்து புல்வெளியிலும் அதுவே அதிகம் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒன்று முதல் ஒன்றரை செ.மீ.க்கு மேல் அகலம், அரை மீட்டருக்கும் மேலே போகும் நாடா இலை, தண்டைச் சுற்றிக் கறுத்த முரட்டு மயிர் என்றால் எனாலஸ் அகோராய்டிஸ்.

சைமோடோசியா இரண்டு. நுனியில் ரம்பப் பற்கள், அகலம் 5 முதல் 9 மி.மீ., இலையுறை முக்கோணமாக விரிந்தால் செருலேட்டா. நுனி வழுவழுப்பாக வட்டமாக, அகலம் 2 முதல் 4 மி.மீ. என்றால் ரொட்டுண்டேட்டா. மீன் கடித்த நுனி இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும்; அதனால் நடுவில் இருக்கும் இளம் இலையைப் பாருங்கள்.

செருலேட்டாவோடு அதிகம் குழம்புவது தலாசியா ஹெம்ப்ரிச்சி. தலாசியாவின் இலை அரிவாள் போலச் சற்று வளைந்திருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் குட்டையான கரும் கோடுகள் தெரியும். தண்டு தடித்து, குருத்துக்குக் குருத்து நடுவே முக்கோணச் செதில் வடுக்களோடு இருக்கும். தண்டில் பார்த்தால் சந்தேகமே வராது.

மெல்லிய பட்டை இலை, நடுவே ஒரே ஒரு நரம்பு என்றால் ஹாலோட்யூல். நுனி மூன்று முனையாகச் சூலம் போல இருந்தால் யூனிநெர்விஸ், வட்டமாக இருந்தால் பினிஃபோலியா. கைலென்ஸ் இல்லாமல் இதைத் தீர்மானிக்காதீர்கள். லென்ஸ் இல்லை என்றால் "ஹாலோட்யூல்" என்று மட்டும் எழுதுவதே நேர்மையான பதிவு.

காம்போடு ஜோடி ஜோடியாக நீள்வட்ட இலை என்றால் ஹாலோஃபிலா ஓவாலிஸ். மயிர் கிடையாது, குறுக்கு நரம்பு 10 ஜோடிக்கு மேல். இலைமேல் மெல்லிய மயிர் இருந்தால் டெசிபியன்ஸ். முகத்துவாரச் சேற்றில், சிறு தண்டின் உச்சியில் இலைகள் கொத்தாக இருந்தால் பெக்காரி. அது உலக அளவில் அழியும் நிலைக்கு ஆளாகக்கூடிய இனமாகப் பட்டியலிடப்பட்டது, கண்டால் கட்டாயம் படம் எடுங்கள்.

தெரியாத புல்லுக்கு "அ", "ஆ" என்று தற்காலிகப் பெயர் வைத்து, அனுமதி இருந்தால் தண்டோடு ஒரே ஒரு செடி எடுத்து, கரையில் வெள்ளைத் தட்டில் கடல்நீரில் பரப்பிப் படம் எடுங்கள். தண்டு இல்லாத வெறும் இலையைக் கொண்டுவந்து பயனில்லை.

தண்ணீர்

ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் ஆழமும் மணியும் எழுதுங்கள். மணி இல்லாத ஆழம் பிற்பாடு ஓதக் கணக்கோடு சரிபார்க்க உதவாது. உப்புத்தன்மைக்கு முன் ரிஃப்ராக்டோமீட்டரைக் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யத்துக்குத் திருத்துங்கள்; வெயிலில் சூடான கருவியில் நேராக வாசிக்காமல் நிழலில் சற்று வைத்துப் பாருங்கள். தெளிவை அளக்கும் வெண்தட்டு இந்த ஆழத்தில் பெரும்பாலும் தரைவரை தெரியும். அப்போது "தரை தெரிகிறது, 1.4 மீட்டர்" என்று எழுதுங்கள். 1.4 மட்டும் எழுதினால் தெளிவு அவ்வளவுதான் என்று ஆகிவிடும்.

எடைக்காக மாதிரி

தேவை இருந்தால் மட்டும். புல்லை அழித்துத்தான் இது கிடைக்கும். 15 செ.மீ. விட்டமுள்ள குழாயை 20 செ.மீ. ஆழம் இறக்கி, மேலே மூடி எடுக்க வேண்டும். ஒரு இடத்துக்கு மூன்று போதும், கோடுகளுக்கு வெளியே. விளிம்பைக் கூராக்காவிட்டால் தண்டு அறுபடாமல் இழுபட்டு, பக்கத்துப் புல்லும் சேர்ந்து வரும். 1 மி.மீ. சல்லடையில் கழுவி, இலையைத் தனி, தண்டு-வேரைத் தனி என்று பிரித்து, 60 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள்; வழக்கமாக ஒன்று, இரண்டு நாள் ஆகும். குழாயின் பரப்பு 176.7 சதுர செ.மீ., ஆகவே சதுர மீட்டருக்கு மாற்ற 56.6-ஆல் பெருக்குங்கள். எடையில் ஒரு கிராம் மணல் ஒட்டியிருந்தாலும் 56 கிராமாகப் பெருகும் என்பதால் கழுவுவதில் அவசரம் வேண்டாம்.

ஆபத்துகள்

காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துத் தேய்த்து நடங்கள், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் அரைமணி முதல் ஒன்றரை மணி வரை வைத்து, மருத்துவமனைக்குப் போங்கள். ஆழமாகக் குத்திய முள்ளை நீங்களே பிடுங்க வேண்டாம். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், கடல்நீரில் அலசுங்கள். மூச்சு வாங்கினால் உடனே மருத்துவமனை. கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள், சில இனங்களின் கடி உயிரைப் பறிக்கும்.

ஆழம் கூடிய பகுதியில் மூச்சடக்கி மூழ்கும்போது ஒருவர் மூழ்க, ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும். மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பல தடவை மூச்சு இழுப்பது தண்ணீருக்கடியில் மயக்கத்தைக் கொண்டுவரும். மேலே ஏறியதும் மூன்று நான்கு நிமிடம் ஓய்வு.

கரைக்கு வந்த பிறகு

அன்றைக்கே தகட்டைப் படம் எடுத்து, அன்றைக்கே கணினியில் ஏற்றுங்கள். மறுநாள் தகட்டில் 1 எது 7 எது என்று எழுதினவருக்கே தெரியாது. பூஜ்யமும் வெற்றிடமும் வேறு: புல் இல்லை என்றால் 0, பார்க்கவில்லை என்றால் காலி.

சராசரி போடும்போது 33 எண்ணையும் ஒரே குவியலாகக் கூட்டி, 33 மாதிரி இருக்கிறது என்று காட்டாதீர்கள். ஒரே கோட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சட்டகங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். கோட்டுக்கு ஒரு சராசரி, பிறகு மூன்று சராசரிகளின் சராசரி, அந்த மூன்றுக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு என்பது. உங்கள் மாதிரி எண்ணிக்கை 3. ஒரு ஊரின் புல்வெளி முழுவதையும் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இப்படிப்பட்ட இடங்கள் குறைந்தது மூன்று வேண்டும்.

இரண்டாம் ஆண்டு எண் இறங்கியிருந்தால் உடனே "புல் அழிகிறது" என்று எழுதாமல் வரிசையாகப் பாருங்கள். ஆறு புள்ளிகளும் கரை அடையாளங்களும் பொருந்துகின்றனவா? அதே மாதம்தானா? முந்தின வாரம் பெருமழையோ பலத்த காற்றோ உண்டா? அளந்தவர் மாறியிருக்கிறாரா? மாறியிருந்தால் புதியவரை முதலாண்டுப் படங்களைப் பார்த்துச் சதவீதம் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வது பழைய எண்ணைவிட ஒரே சீராகக் குறைந்தால் பிழை கண்ணில். மூன்று கோடும் சேர்ந்து இறங்கியதா, ஒன்று மட்டும் இறங்கியதா? ஒன்று மட்டும் என்றால் அந்தக் கோட்டில் நங்கூரத் தடமோ இழுவைத் தடமோ தேடுங்கள். மூன்றும் இறங்கி, இலைமேல் ஒட்டியிருப்பதும் பாசியும் ஏறியிருந்தால் கழிவுநீர், இறால் பண்ணை நீர் வரும் வாய்க்கால் அருகில் உண்டா என்று பாருங்கள். மூன்றும் இறங்கி, தரை "மணல்" என்பதிலிருந்து "சேறு/மணல்" ஆகியிருந்தால் கலங்கலும் வண்டல் படிவும் வெளிச்சத்தை அடைத்திருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் எண் இறங்கியது உண்மைதான் என்று ஆனால், படங்களோடும் ஆறு புள்ளிகளோடும் எழுதி வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு பிரதி, மீனவர் சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். சங்கத்துக்குக் கொடுப்பதை நேரில் போய் வாசித்துச் சொல்லுங்கள். நங்கூரம் போடும் இடத்தை மாற்றுவதா, வாய்க்காலைப் பற்றி மனு கொடுப்பதா என்பதை முதலில் பேசப்போவது அங்கேதான்.